சாக்கெட்டில் என் பேர் ஏறிய விவரம்

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை, அப்பாவின் மெக்கானிக் கடையிலிருந்து.

மதிப்பிற்குரிய அழகுராஜா மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் சுபலட்சுமி பணிவுடன் எழுதிக்கொள்வது.

நான் முதலில் கவனித்தது அப்பாவின் கையை. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது அந்தக் கை மட்டும் வெளியே வரும். உள்ளங்கையை மேலே காட்டி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடிக் காத்திருக்கும். எதுவும் வந்து விழாவிட்டால் கொஞ்ச நேரம் தரையைத் தடவிப் பார்க்கும். பிறகு அந்தக் கைக்குப் பின்னால் தோள் வரும், தலை வரும், கடைசியில் முழு அப்பாவும் எழுந்து வந்து கிரீஸ் டப்பாவைச் சாக்கின் மேல் கவிழ்த்துப் போட்டு ஸ்பேனர் தேடுவார்.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் கையைப் பற்றி எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். சிங்கப்பூரில் நீங்களும் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கக் கொப்புடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மா, அப்பா, நான், கடை எல்லோரும் சௌக்கியம். போன தடவை ஊருக்கு வந்தபோது நீங்கள் அப்பாவுக்குக் கொடுத்த சிவப்பு டூல் பாக்ஸும் சௌக்கியம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதற்குள் யாராவது உங்களுக்குப் போன் செய்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்லியிருந்தால், அதுவும் அந்த டூல் பாக்ஸைப் பற்றிய செய்திதான். பதற வேண்டாம், கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் அம்மா "மாமா பேசுறாக, பேசுடி" என்று என் காதில் வைக்கிறாள். நான் "ம்" என்கிறேன், "சரி மாமா" என்கிறேன், போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால் அதுவும் அம்மாவின் போன். நான் உங்களுக்கு எழுதியதை அம்மா படித்து, தேவகோட்டை மீனு சித்திக்கும் படித்துக் காட்டி, அவர்கள் இரண்டு பேரும் பதில் முடிவு செய்த பிறகுதான் அது உங்களிடம் வந்து சேரும். அதனால் காகிதத்தில் எழுதி, நாளைக்குச் சிங்கப்பூர் விமானம் ஏறுகிற பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட காரணம் உங்களுக்குத் தெரியும். பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில், ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்று தன்னைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை மதியத்துக்கு மேல் என்று தெரிந்ததும் சாப்பிட வீட்டுக்கு வந்தவள்தான், இன்னும் திரும்பிப் போகவில்லை. அப்பா திட்டவில்லை, அம்மா திட்டி முடித்துவிட்டாள். இப்போது அம்மா எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறாள். செக்காலை ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற பெரிய ஜவுளிக் கடை. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். வேலை என்னவென்றால், வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து, "வாங்க வாங்க, என்ன பாக்குறீங்க, பட்டா, காட்டனா" என்று கேட்க வேண்டும். உள்ளே வருகிறவர்களில் யாராவது ஒருவர் ஊமையாக இருந்தால் அவரோடு மட்டும் நான் சமாளித்துக்கொள்வேன். மற்றவர்களை நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அம்மா என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்குகிறாள். "வாங்கன்னு சொல்லுடி" என்றாள். சொன்னேன். "கண்ணாடிக்கே கேக்கலயேடி" என்றாள்.

எனக்கு அப்பாவின் கடையில் இருக்க வேண்டும் மாமா. ஆசை அவ்வளவுதான். ஆனால் அதை அப்பாவிடம் சொல்வதற்கும் வாய்தான் வேண்டியிருக்கிறது. ஒருமுறை அரைகுறையாகச் சொல்லிப் பார்த்தேன். "கிரீஸுக்குள்ள நின்னு என்னத்தா செய்யப் போற? அங்கன ஏசி போட்டிருக்காக, போய் நில்லு" என்று சொல்லிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றப் போய்விட்டார். ஆகையால் வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் உங்கள் டூல் பாக்ஸ் வருகிறது.

கடையில் உதவிக்கு இருந்தவர் திருப்பூருக்குப் போன பிறகு அப்பா தனியாகத்தான் வேலை பார்க்கிறார். மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடித்ததும் தூக்குச்சட்டியோடு திரும்பி வருவது என் வேலை. அவர் சாப்பிடும்வரை எதன்மேல் உட்கார்ந்திருப்பேன் தெரியுமா, உங்கள் டூல் பாக்ஸின் மேல். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மறைக்கவில்லை. விமானத்தில் எடை கூடிவிடும் என்று உங்கள் சட்டைகளை எல்லாம் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு நீங்கள் தூக்கி வந்த அந்தப் பெட்டியை அப்பா இத்தனை நாளும் முக்காலியாகத்தான் வைத்திருந்தார். கேட்டால், "அது நல்ல பெட்டித்தா, தெறந்தா அழுக்காயிரும்" என்பார். உள்ளே இருந்த, போல்ட் தலையில் மாட்டித் திருகுகிற அந்தக் குட்டிக் கிண்ணச் சாக்கெட்டுகளை மட்டும் முதல் நாளே எடுத்துக் கிரீஸ் டப்பாவில் போட்டுவிட்டார். அந்த டப்பாவுக்குள் சாக்கெட், ரிங் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், எப்போதோ யார் வண்டியிலோ கழற்றிய ஸ்பார்க் பிளக், ஆயுதபூஜைக்கு உடைத்த தேங்காயில் ஒரு சில்லு, எல்லாம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தின. ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டப்பாவைக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துடைத்து, பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.

நான் பாத்திரம் அடுக்கிப் பழகியவள். பெரிய சட்டிக்குள் நடுச் சட்டி, அதற்குள் சின்னச் சட்டி, எத்தனை இருந்தாலும் அலமாரியில் ஒரே இடத்தில் அடங்கிவிடும். சாக்கெட்டும் பார்ப்பதற்குச் சின்னப் பாத்திரம் மாதிரிதானே இருக்கிறது. எட்டாம் நம்பரைப் பதினேழுக்குள் வைத்தேன், பதினேழை முப்பத்திரண்டுக்குள் வைத்தேன், பெட்டியில் பாதி இடம் மிச்சமாகிவிட்டது, எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. மறுநாள் அப்பா லோடு ஆட்டோவுக்கு அடியிலிருந்து பதினேழு கேட்டார். ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டில் வைத்துப் பார்த்தார், ஏறவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்தார், ஏறவில்லை. "போல்ட்டு என்ன வீங்கிப்போச்சா?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது வெளியே கேட்டது. கடைசியில் வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் பதினேழுக்குள் எட்டு உட்கார்ந்திருக்கிறது. அவர் தட்டிய தட்டில் அது மூலையில் போய் நன்றாக மாட்டிக்கொண்டும் விட்டது. பெட்டியில் இருந்த இன்னொரு பெரிய சாக்கெட்டை எடுத்துக் கவிழ்த்தார், உள்ளேயிருந்து ஒரு குடும்பமே இறங்கியது. "இது என்னத்தா, சாக்கெட்டா, பொங்கப்பானையா?" என்றார். அந்த எட்டை வெளியே எடுக்க எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாக்கெட்டும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். தனித்தனியாக நிற்க வேண்டுமானால் தனித்தனிக் குழி வேண்டும். தனித்தனிக் குழி நம் வீட்டில் எதில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அம்மாவின் பணியாரக் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அது பெட்டியின் அடித்தட்டில் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று குழிக்கு ஒன்றாக வைத்தேன். என்ன ஒன்று, குழி உருண்டை, சாக்கெட்டின் அடி தட்டை. அதனால் எல்லாம் கல்யாணப் பந்தியில் தூங்கி விழுகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. அப்பா அதையும் பார்த்தார். "வேகட்டும்த்தா, வெந்ததும் திருப்பி விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா மூன்று நாள் கல்லைத் தேடினாள். பக்கத்து வீட்டில் இரவல் கொடுத்துத் திரும்பி வரவில்லை என்று அவர்களோடு பேச்சை நிறுத்தினாள். பயந்துபோய்க் கல்லைக் கொண்டுவந்து, புளி போட்டுத் தேய்த்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பணியாரம். அம்மா ஒன்றை வாயில் வைத்துவிட்டு மாவைச் சந்தேகப்பட்டாள், எண்ணெயைச் சந்தேகப்பட்டாள், எண்ணெய் விற்றவரைச் சந்தேகப்பட்டாள். அப்பா மட்டும், "இன்னிக்குத்தான் பணியாரம் மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு வாசனையா இருக்கு" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

இனிமேல்தான் கல்யாண விஷயம் வருகிறது.

சாக்கெட்டுகளில் போட்டிருந்த எண்கள் எறும்பு அளவு. டப்பாவில் ஒன்றோடொன்று உரசி அதுவும் பாதி தேய்ந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்ணாடி போட்டாலும் பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒன்றுதான். எண்ணைப் பெரிதாக வெட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன். நம் கடைக்கு இரண்டு கடை தள்ளி தேனப்பன் அண்ணன் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பேர் வெட்டாத பாத்திரம் நம் ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் போகாது, அத்தனை பாத்திரத்துக்கும் அவர்தான் வெட்டுகிறார். சாக்கெட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, கடையில் கூட்டம் குறையட்டும் என்று வெளியே நின்றேன். முகூர்த்த மாதம், கூட்டம் குறையவில்லை. அவரே பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன தாயி, வெட்டணுமா?"

தலையாட்டினேன்.

"அம்புட்டுக்குமா?"

அதற்கும் தலையாட்டினேன். பையை வாங்கிப் பலகையில் கொட்டினார். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது என்ன தாயி, சாமி கும்புடுற கிண்ணமா, அடியில ஓட்டையா இருக்கு? சீர் சாமானா?"

மாமா, இல்லை என்று சொன்னால் பிறகு என்ன என்று விளக்க வேண்டும், அதற்கு வாயைத் திறக்க வேண்டும். ஆமாம் என்பதற்குத் தலை போதும். ஆட்டிவிட்டேன்.

"இப்பல்லாம் என்னென்னமோ வைக்கிறாக. போன முகூர்த்தத்துல ஒரு வீட்டுல மிக்ஸி மூடிக்கெல்லாம் பேரு கேட்டாக, வெட்டிக் குடுத்தேன். நீ முத்துராமன் மகதானே? சுபலட்சுமிதானே ஒம் பேரு?"

அது இரண்டும் உண்மை. தலையாட்டினேன். அவர் முதல் சாக்கெட்டுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து மிஷினைப் போட்டார். பாத்திரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஊசி சாக்கெட்டில் ஓடவில்லை. "நல்ல கெட்டிச் சாமானு, பேரம்பேத்தி வரைக்கும் கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தி அழுத்தி வெட்டினார். வெட்டி முடித்துத் துடைத்து வைத்தார். மு.சு. என்று இருந்தது.

அவர் அடுத்ததை எடுத்தார். அதிலும் மு.சு. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். இதைச் சொல்லிவிட வேண்டும், இந்த ஒன்று முடியட்டும் சொல்லிவிடலாம், இந்த ஒன்று முடியட்டும் என்று நினைத்து நினைத்து, பத்து போய், பன்னிரண்டு போய், எல்லாமே என் பேருக்கு ஆகிக்கொண்டு வருகிறது. கடைசி சாக்கெட்டை அவர் எடுத்தபோது எனக்குள் எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது திறந்துவிட்டது. "நம்பரு!" என்று கத்திவிட்டேன். அது என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். குத்துவிளக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா விளக்கைக் கீழே போட்டுவிட்டார். தேனப்பன் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ள வீட்டு போன் நம்பரா தாயி? அது எதுக்குச் சாமான்ல?" என்று கேட்டார். பிறகு நான் சாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, அதில் இருந்த எறும்பு எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இது வண்டி கழற்றுகிற சாமான் என்று அவருக்கு மெதுவாகப் புரிந்தது. எல்லாவற்றிலும் மறுபக்கத்தில் எண்ணைப் பெரிதாக, அழகாக வெட்டிக் கொடுத்தார். சீர் சாமான் இல்லை என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை, அதைச் சொல்ல எனக்கும் வாயில் மிச்சம் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா காய் வாங்கிக்கொண்டு அவர் கடை வழியாக வந்திருக்கிறாள். "ஏம்மா அழகி, ஒரு வார்த்த சொல்லலியே நீங்க. மாப்பிள்ள மெக்கானிக்காமுல்ல? நல்லதும்மா, கைத்தொழிலு சோறு போடும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்த வேகத்தில் பையிலிருந்த கத்தரிக்காய் வாசலிலிருந்து அடுப்படி வரை வழியெல்லாம் விழுந்திருந்தது. "யாருடி அந்த மெக்கானிக்கு?" என்றாள். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர்தான். அப்பாவைக் கைகாட்டினேன். அப்பாவுக்கு விஷயம் தெரியாது, அவரும் ஆமாம் என்றார். அரைமணி நேரம் கழித்துத்தான் மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் மீனு சித்தி போன் செய்து, பட்டுக்கு என்ன கலர், அரக்கா மாம்பழமா என்று கேட்டுவிட்டாள். சித்திக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் அரக்குப் பட்டு எதுவும் எடுத்திருந்தால் அத்தையே கட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் மாமா, இத்தனை அவமானத்துக்குப் பிறகுதான் எனக்கு வேலை பிடிபட்டது. எண் பெரிதாக இருக்கிறது, ஆனாலும் அப்பா எண்ணைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனித்தேன். சக்கரம் கழற்றப் போனால் அவர் கை ஒரு மாதிரி விரிகிறது, செயின் இறுக்கப் போனால் ஒரு மாதிரி விரிகிறது. ஒன்றை எடுத்தால் அதற்கு அடுத்தது எது என்பது அவர் கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அதனால் சின்னது பெரியது என்று வரிசை வைப்பதை விட்டுவிட்டேன். பழைய ரீப்பர் கட்டையை ஆசாரியிடம் வாங்கி, பெட்டித் தட்டின் நீளத்துக்கு அறுத்து, ஆணி அடித்து, ஆணித் தலைகளை வெட்டிவிட்டு, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாக்கெட்டை மாட்டினேன். மேல் தட்டில் சக்கர வேலைக்கு வேண்டியது எல்லாம் ஒரு வரிசை, பக்கத்திலேயே அதற்கு வேண்டிய ரிங் ஸ்பேனர். அடுத்த தட்டில் செயினுக்கும் பிரேக்குக்கும். பேட்டரி மூடியைக் கழற்றப் பத்தாம் நம்பரும் ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் சேர்ந்தே வேண்டியிருக்கும், அதனால் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. சுத்தியலும் பெரிய பிளேயரும் அடித்தட்டில். பழைய டியூபை வளையமாக வெட்டி ஆணி அடித்து, கைப்பிடி நீளமானவற்றை அதில் சொருகினேன். அழகாக இருந்தது மாமா. என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை. மூடி வைத்துவிட்டு, திறந்து பார்க்க வேண்டும் என்றே நான்கைந்து தடவை திறந்தேன்.

நேற்று மீனாட்சிசுந்தரம் ஐயா கார் வந்து நின்றது. பழைய கார், அவரும் பழைய வாடிக்கை. நாட்டரசன்கோட்டையில் அவர் அக்காவுக்கு அறுபதாம் கல்யாணம், முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் சைலன்சர் கழன்று ரோட்டில் இழுபட்டு, தீப்பொறி பறக்க வந்திருக்கிறார்கள். உள்ளே பட்டுச் சேலைகளும் சீர்த் தட்டுகளும் நிறைந்திருந்தன. எல்லோரையும் இறக்கிவிட்டு அப்பா அடியில் போனார். சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் சாக்கைச் சுற்றி அதை மேலே தூக்கிப் பிடித்தால்தான் போல்ட் தன் இடத்துக்கு வரும், விட்டால் விழுந்துவிடும். எழுந்து வந்து தேடுவது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. இன்னொரு கை வெளியே வந்தது. விரித்து மூடுவதற்குள் பதினான்கை ராட்செட் கைப்பிடியில் மாட்டி அதில் வைத்தேன். கை உள்ளே போனது. திரும்பி வந்தபோது எதிர்ப்பக்க நட்டைப் பிடிக்க ரிங் ஸ்பேனர். அடுத்து பிளேயர். அடுத்து கட்டுக்கம்பி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் பேசவில்லை. கை வருகிறது, போகிறது, அவ்வளவுதான்.

மீனாட்சிசுந்தரம் ஐயா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஏப்பா முத்துராமா, ஒம் மக வாயே தெறக்க மாட்டாளா?" என்று கேட்டார்.

அடியிலிருந்து அப்பா சொன்னார். "அவ வாயத் தெறந்து என்னண்ணே ஆகப்போகுது, பொட்டியத் தெறந்தாப் பத்தாதா?"

பட்டுச் சேலையில் இருந்த ஒரு ஆச்சி தட்டில் இருந்த சாக்கெட்டை எடுத்துப் பார்த்து, "இதுல என்னமோ பேரு வெட்டிருக்கே, மு.சு.ன்னு. யாருடையது?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா அப்போதுதான் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எம் மக சாமான் ஆச்சி" என்றார். மாமா, நீங்கள் வாங்கியது, அப்பாவுக்குக் கொடுத்தது, தேனப்பன் அண்ணன் தவறாக வெட்டியது. ஆனால் அப்பா சொன்னது அதுதான். கார் கிளம்பிப் போனது. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ராத்திரி போன் வந்தது.

அவ்வளவு பெருமையாகச் சொன்னவர் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா எனக்கு ஜவுளிக் கடைக்கு உடுத்திப் போகச் சுடிதார் தேய்த்து வைத்திருக்கிறாள், அதை அவரும் பார்த்தார், பேப்பரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். ஆகவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்யும்போது, அம்மாவுக்கு முன்னால் அப்பாவிடம் பேசி, என்னைக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டி நீங்கள் கொடுத்தது என்பதால் உங்கள் பேச்சைக் கேட்பார். எனக்கு ஏசி வேண்டாம். என் பேர் ஏறிவிட்டதற்கு உங்களுக்கு வருத்தம் இருந்தால், ஒவ்வொரு சாக்கெட்டிலும் இன்னும் ஒரு எழுத்துக்கு இடம் இருக்கிறது. உங்கள் பேருக்கு அ என்று வெட்டித் தரச் சொல்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் சின்ன மகளுக்கு முத்தம். நீங்கள் வேலை பார்க்கிற கப்பல் பட்டறையில் சாக்கெட்டை எப்படி அடுக்குகிறார்கள் என்று முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அம்மா போனுக்கு வந்தாலும் பரவாயில்லை, அதில் சித்திக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. நீங்கள் இருவரும் நூறாண்டு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைத் தட்டாத மருமகள்,
மு. சுபலட்சுமி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள் மாமா. டூல் பாக்ஸ் இப்போது அடுக்கியபடி இல்லை, அப்பாவிடம் நீங்கள் பேசவும் வேண்டாம். நான் உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர் டீக்கடையிலிருந்து யாரோ, "முத்துராமா, பொட்டிய நகைக்கடை கணக்கா வச்சிருக்கியாமே" என்று சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறார். அப்பா மூன்று தட்டையும் விரித்தபடியே பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சீர் கொண்டுபோகிறவர் மாதிரி ரோட்டில் இறங்கிவிட்டார். டீக்கடை வரை போகக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. நடுரோட்டிலேயே நின்று, "பாருங்கப்பா, எம் மக அடுக்குனது. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார். கண்ணையும் மூடினார். எடுப்பதற்கு ஒரு கை வேண்டுமே, பெட்டியிலிருந்து ஒரு கையை எடுத்தார். அவ்வளவுதான். நம் கடை வாசல் ரோடு எந்தப் பக்கம் சரிவு என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது, சாக்கெட் எல்லாம் ஓடிய பிறகு தெரிந்தது. டீக்கடையில் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். அப்பா வெறும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னத்தா மலைச்சுப்போய் நிக்கிற? அங்குட்டு நாலு ஓடுது பாரு. இத மறுபடி அடுக்கலேன்னா திங்கக்கிழமை நான் எப்புடிக் கடையத் தெறக்குறது? ஜவுளிக் கடைக்கு வேற ஆளு பாத்துக்கிரட்டும், ஒங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். தேவகோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் நடுரோட்டுக்கு ஓடிப்போய் அதன் முன்னால் நின்று, "நிறுத்துங்கண்ணே, சாக்கெட்டு கெடக்கு!" என்று கத்தினேன்.